பனியன் ஊரிலிருந்து பனிமலைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் பனி என்றால் மார்கழிதான். விடியக்காலையில் வெளியே கிளம்பினால் "தலையில துண்டக் கட்டிட்டுப் போ கண்ணு" என்று அமுச்சி சத்தம் போடுமே, அந்தப் பனி. கொஞ்சம் வசதி இருந்தால் ஜனவரியில் ஊட்டிக்குப் போய், புல்மேல் உப்புத் தூவின மாதிரி கிடக்கிற உறைபனியைப் பார்த்துவிட்டு வருவோம். இமயமலையில் முழங்கால் புதையக் கிடப்பதையும் பனி என்றே சொல்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் விஷயமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, ஐந்து காட்டன் டி-ஷர்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு நான் முதல்முறை மலை ஏறினேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவனுக்குத் துணியைப் பற்றி யார் சொல்லித் தரணும் என்கிற நினைப்பு வேறு.

முதல் நாள் ஏற்றத்திலேயே ஐந்து டி-ஷர்ட்டும் தொப்பலாகிவிட்டது. முகாமில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் பல் கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது, கை விரலால் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு மழையும் இல்லை, பனியும் பெய்யவில்லை, நல்ல வெயில். என்னை நனைத்தது என் வியர்வைதான். கீழே எழுதியிருப்பதில் பாதிக்குமேல் இதைச் சுற்றியே வரும்: உடம்பு ஈரமாகாமல் பார்த்துக்கொண்டால் குளிரோடு எப்படியும் சமாளித்துவிடலாம், ஈரமானால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஜாக்கெட்டும் காப்பாற்றாது.

எந்த மலை, எந்த மாசம்

முதல்முறைக்கு நான் சொல்வது உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிற கேதார்காந்தா. உச்சி 12,500 அடி. சங்க்ரி என்கிற கிராமத்தில் நடை தொடங்குகிறது, பெரும்பாலும் நாலைந்து நாளில் ஏறி இறங்கிவிடலாம், கயிறு கட்டி ஏறுகிற வேலை எதுவும் இல்லை. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். கோவைப் பக்கம் இருக்கிற வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை உச்சியே 6,000 அடிக்குள்தான். சங்க்ரி 6,400 அடி. அதாவது அங்கே வண்டியை விட்டு இறங்கி டீ குடிக்கிற இடமே வெள்ளியங்கிரி உச்சியைவிட உயரம். முதல் ராத்திரி தங்குகிற ஜூடா கா தாலாப் ஏரிக்கரை சுமார் 9,100 அடி, நம்ம தொட்டபெட்டாவையே தாண்டிவிடும்.

டிசம்பர் கடைசியில் கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் பனி நிறைய, குளிரும் அதிகம், ராத்திரி மைனஸ் 10 வரை சாதாரணமாக இறங்கும். மார்ச்சில் காலையில் கல் மாதிரி இறுகி, மதியம் சேறு மாதிரி இளகும். கம்பெனிக்காரர்களுக்குப் பொங்கல் லீவுதான் தோது என்பதால் நம்மில் நிறையப் பேர் ஜனவரி நடுவில்தான் போகிறோம். போகலாம், ஆனால் அதுதான் கடுங்குளிர் காலம் என்று தெரிந்து போங்கள். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி.

நமக்கு வடகிழக்குப் பருவமழை போல அங்கே குளிர்காலப் பனிக்கு மேற்கத்திய இடையூறு என்று ஒன்று உண்டு. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைக் கொண்டுவந்து இரண்டு மூன்று நாள் கொட்டிவிட்டுப் போகும். வானிலை ஆய்வு மையத்தின் டேராடூன் அறிவிப்பில் அது வருகிறதா என்று கிளம்புகிற வாரம் முழுக்கப் பாருங்கள். பெரிய பனிப்பொழிவு முடிந்து முதல் 24 மணி நேரம் செங்குத்தான சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்து அதிகம். 30 முதல் 45 டிகிரி சாய்வு இருக்கிற வெறுஞ்சரிவுதான் மோசம். மரம் அடர்ந்த வழி பரவாயில்லை. வழிகாட்டி "இன்னிக்கு மேல வேண்டாம்" என்றால் அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளா எக்ஸ்பிரஸ் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றிலும் நிற்கும், டெல்லி போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். காசு இருந்தால் கோவையிலிருந்து விமானம். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்தால் விடியும்போது டேராடூன். அங்கிருந்து சங்க்ரிக்கு 200 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை, ஒரு முழுப் பகலை முழுங்கிவிடும். விடியக்காலையிலேயே வண்டி ஏறிவிடுங்கள். வழியில் வருகிற புரோலா என்கிற ஊரைத் தாண்டினபின் ஏடிஎம்மையும் டவரையும் நம்பாதீர்கள். திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு நாள் சும்மா விட்டு வையுங்கள், பனியில் ரோடு அடைத்துக்கொண்டால் அந்த ஒரு நாள்தான் கைகொடுக்கும்.

உடம்பு: மூணு மாசம் முன்னாடியே

ஜிம்முக்குப் போய் வயிற்றில் கட்டம் கட்டமாக வரவழைப்பது இதற்கு உதவாது. படி ஏறுங்கள். சென்னிமலைக்கு 1,320 படி. கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் போங்கள், கடைசி ஒரு மாசம் முதுகுப்பையில் ஏழெட்டுக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் பனிமலையில் நடக்க வேண்டிய வேகம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் கெடும் என்பதால், இறங்கும்போது பஸ்ஸைப் பிடிக்காமல் படியிலேயே இறங்குங்கள்.

வெள்ளியங்கிரி ஏறியவன்தானே என்று சிலர் சொல்வார்கள். அந்த ஏழு மலை நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் விடும், பொங்கலுக்கு இமயம் போகிறவருக்கு அது பயிற்சிக்குக் கிடைக்காது. தவிர, அடிவாரத்துப் பூண்டியில் கிளம்பி ராத்திரியோடு ராத்திரி ஏறி விடிந்ததும் இறங்கிவிடுகிற பழக்கம், அங்கே ஆகவே ஆகாத பழக்கம். 8,000 அடிக்குமேல் உடம்பு காற்றுக்குப் பழக நாள் வேண்டும். பிரஷர், சர்க்கரை, நெஞ்சுப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லியே கேளுங்கள். "மலை ஏறலாமா" என்று கேட்டால் அவர் பழனியை நினைத்துக்கொண்டு சரி என்பார்.

துணி: இதில்தான் எனக்குப் பேச இருக்கிறது

எங்கள் தொழிலில் மாய்ஸ்சர் ரீகெயின் என்று ஒரு கணக்கு உண்டு. சாதாரண காற்றிலிருந்தே ஒரு நூல் தன் எடையில் எத்தனை சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது. காட்டனுக்கு 8.5, பாலியஸ்டருக்கு 0.4. நம்ம ஊர் வெயிலுக்குக் காட்டன் சொர்க்கம், ஏனென்றால் வியர்வையைக் குடித்து மெதுவாகக் காயவிட்டு உடம்பைக் குளிர்விக்கும். பனியில் அதே குணம்தான் ஆளை வதைக்கிறது. உலனுக்கு இந்தக் கணக்கு 16 சதவீதம், காட்டனைவிட ஜாஸ்தி. ஆனாலும் உலன் ஈரத்தை நூலுக்குள்ளே ஒளித்து வைத்துக்கொள்ளும், சுருள் சுருளான நூல் என்பதால் நடுவில் காற்றும் நிற்கும், அதனால் கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பு போகாது. இதெல்லாம் எனக்கு ஆபீஸில் தெரிந்த விஷயம்தான். மலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆகவே உடம்பை ஒட்டி இருக்கிற உள் அடுக்கு பாலியஸ்டராகவோ மெரினோ ஆட்டு உலனாகவோ இருக்கட்டும். தெர்மல் என்று லேபிள் ஒட்டினதையெல்லாம் வாங்காதீர்கள், அதில் பாதி காட்டன் கலந்தது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகும், உலன் முடி கருகின நாற்றம் அடிக்கும். செக்கிங் அக்காமார் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். ஜட்டி, பனியன் வரைக்கும் இதே விதிதான், அதை மறந்துவிட்டு மேலே மட்டும் மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

நடு அடுக்குக்கு ஃப்ளீஸ் என்கிற புசுபுசு பாலியஸ்டர் துணி, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 200 கிராம்) அளவில் ஒன்று, முடிந்தால் மெல்லிசாக இன்னொன்று. வெளி அடுக்கு காற்றும் தண்ணீரும் புகாததாக, அக்குளில் ஜிப் வைத்ததாக இருந்தால் நல்லது. இறகு ஜாக்கெட் தனி, அது நடக்கும்போது போடுகிற பொருளே இல்லை, நின்றபிறகு போட்டுக்கொள்வது. ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சென்னிமலைப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மச்சானை எனக்குத் தெரியும். ரயிலில் ரொம்ப உபயோகமாக இருந்தது.

போடுகிற முறை இதுதான். காலையில் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். "அய்யோ குளிருதே" என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடந்தால் கால்மணி நேரத்தில் வியர்க்கும். நடக்க ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் நின்று ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், கூட வருகிறவர்கள் முனகினாலும் பரவாயில்லை. வியர்வை துளிர்க்கிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். நின்றால் உடனே இறகு ஜாக்கெட்டை மேலே போடுங்கள், குளிர ஆரம்பித்தபிறகு போடக் கூடாது. முகாம் வந்ததும் முதல் வேலை உள் அடுக்கை மாற்றுவது, டீ அப்புறம். அந்தக் காய்ந்த செட் கவரில் சுற்றிப் பைக்குள் தனியாக இருக்கட்டும், எக்காரணம் கொண்டும் அதைப் பகலில் தொடாதீர்கள்.

காலும் கையும்

கணுக்காலை மூடுகிற, தண்ணீர் புகாத ஷூ. கனமான சாக்ஸ் போட்டபிறகும் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும், இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, விரல் முதலில் மரத்துப்போவது அதனால்தான். புது ஷூவோடு போகாதீர்கள், மருதமலைப் படியிலேயே அதைப் பழக்கிவிடுங்கள். பனி ஷூவுக்குள் விழாமல் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற கெய்ட்டர், ஷூவுக்கு அடியில் ரப்பரோடு மாட்டுகிற முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக், இரண்டும் சங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். கடையிலேயே மாட்டி நடந்து பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கிய ஜோடியில் ஒன்று உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ரப்பர் அறுந்து, ஒற்றைக் காலில் முள்ளோடு நொண்டி நொண்டி இறங்கினேன்.

கைக்கும் அடுக்குதான்: உள்ளே மெல்லிய கையுறை, வெளியே தண்ணீர் புகாதது. மெல்லியது இரண்டு ஜோடி.

பனியில் நாலு விதம்

நம்மிடம் சொல் ஒன்றுதான் என்றேனே, நான் எனக்காகப் பேர் வைத்துக்கொண்டேன். புதிதாய் விழுந்தது மாவுப் பனி. இடித்த பச்சரிசி மாவு மாதிரி இருக்கும், வழுக்காது, ஆனால் கால் புதையும். முன்னால் போனவர் கால்தடத்திலேயே கால் வைத்தால் பாதி உழைப்பு மிச்சம், முதல் ஆளை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது அப்பளப் பனி. மேலே மொறுமொறுவென்று ஓடு, அடியில் பொலபொலவென்று. மெதுவாக எடையை வைக்கும்போது தாங்கும், அடுத்த கால் எடுக்கும்போது பொசுக்கென்று தொடை வரை உள்ளே போகும். முழங்கால் பிசகுவது இதில்தான். மாட்டிக்கொண்ட காலை வெடுக்கென்று இழுக்காமல், சாய்ந்து உட்கார்ந்து மெதுவாக எடுங்கள். வெயில் ஏறினபின் வருவது தயிர்ப் பனி, சொதசொதவென்று ஷூவை நனைக்கும். ஆகவேதான் காலையிலேயே நடந்து மதியத்துக்குள் முகாமுக்குள் போகச் சொல்கிறார்கள்.

நாலாவதுதான் மோசம், கண்ணாடிப் பனி. நூறு பேர் மிதித்து இறுகின பாதையிலும், நேற்று உருகி ராத்திரி உறைந்த நீரோடைத் திருப்பத்திலும் இருக்கும். நீலமாகவோ கறுப்பாகவோ மின்னும், சில இடத்தில் கண்ணுக்கே தெரியாது. வழுக்கியபிறகு மைக்ரோஸ்பைக் போடுவதில் பிரயோஜனமில்லை, பார்த்ததுமே நின்று மாட்டுங்கள். பாதத்தை முழுசாகத் தட்டையாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, கோழி நடக்கிற மாதிரி நடக்க வேண்டும்.

மென்பனிச் சரிவில் ஏறும்போது ஷூ முனையால் இரண்டு உதை உதைத்துப் படி வெட்டிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்றுங்கள், பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்தால்தான் கால் வாரிவிடும். இரண்டு கோலும் கையில் இருக்கட்டும். வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடி எதற்கோ, அதற்கேதான் இதுவும். என்ன, நுனியில் வட்டத்தட்டு மாட்டியதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் கோல் பாதி உள்ளே போய்விடும்.

எல்லோரும் இறங்கும்போது உட்கார்ந்து சறுக்குவார்கள், வீடியோவில் பார்க்க ஆசையாக இருக்கும். சறுக்கியே தீர வேண்டும் என்றால் முதலில் மைக்ரோஸ்பைக்கைக் கழற்றுங்கள். முள் பனியில் கொத்தினால் உடம்பு போகும், கணுக்கால் அங்கேயே நிற்கும்.

தண்ணீர், சோறு, ராத்திரி

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சு வழியாகவே தண்ணீர் நிறையப் போகும். நாளைக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், ஆகவே பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வைத்தால் மூடி உறைந்து அடைத்துக்கொள்ளாது. குழாய் வைத்து உறிஞ்சுகிற பையெல்லாம் அங்கே ஆகாது, குழாய்தான் முதலில் உறையும். பனியை அள்ளி வாயில் போடாதீர்கள், அதை உருக்க உடம்புச் சூடுதான் செலவாகும். பாத்திரத்தில் உருக்கும்போது அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும்.

பைக்குள் கடலை உருண்டை, எள்ளுருண்டை, கருப்பட்டி. சாக்லேட் கல்லாகிவிடும், எள்ளுருண்டையும் கல்தான், ஆனால் நமக்குக் கடித்துப் பழக்கம். படுக்கிறதற்கு முன் ஒரு கைப்பிடி கடலை தின்றால் ராத்திரி உடம்பு எரிக்க எண்ணெய் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோகாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழேயே உறையும், மைனஸில் ஆணி அடிக்கலாம். உதட்டுக்கும் மூக்கு நுனிக்கும் வாஸ்லைன் போதும்.

படுக்கைப் பைக்குள் போவதற்கு முன் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி நன்றாக மூடி, சாக்ஸுக்குள் போட்டு, கால்மாட்டில் வையுங்கள். போன், பவர் பேங்க், தலைவிளக்கு பேட்டரி எல்லாம் உங்களோடு உள்ளே படுக்கட்டும், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். ராத்திரி ஒன்றுக்கு வந்தால் அடக்காமல் எழுந்து போய் வாருங்கள், அடக்கினால் தூக்கமும் வராது, குளிரும் விடாது. கூடாரத்துக்குள்ளேயோ ஜன்னல் அடைத்த அறையிலேயோ கரியடுப்பு, ஸ்டவ் எதையும் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்.

உச்சி நாள்

விடியக்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுப்புவார்கள். இறுகின பனியில் ஏறி, அது இளகுவதற்குள் இறங்குவதற்காகத்தான். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே பேசிக்கொள்ளுங்கள். அந்த மணி அடித்தால் உச்சி கண்முன்னால் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். மரம் தீர்ந்து முகடு வந்ததும் காற்று அறையும், முகட்டை எட்டுவதற்கு முன்பே வெளி அடுக்கை மாட்டிக்கொள்ளுங்கள். மேலே கற்களும் ஒரு திரிசூலமும், சுற்றிலும் சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள். தென்கயிலாயம் என்கிற நம்ம வெள்ளியங்கிரியில் கும்பிட்டவருக்கு இங்கே கை தானாகக் கூடும்.

வெயில் வந்ததும் கறுப்புக் கண்ணாடி. இதைத் தமாஷாக எடுக்காதீர்கள். புதுப்பனி, மேலே விழுகிற புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி அரை நாள் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டிலும் மூடின கண்ணாடி வாங்குங்கள். சன் ஸ்கிரீனை மூக்குத் துவாரத்துக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் தடவுங்கள், ஏனென்றால் அங்கே வெயில் கீழிருந்தும் வருகிறது.

எப்போது இறங்க வேண்டும்

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்றிருப்பது, இவையெல்லாம் உயரக்கோளாறின் ஆரம்பம். அதற்குமேல் ஏறாதீர்கள், அங்கேயே ஓய்வெடுத்தும் தீராவிட்டால் இறங்குங்கள். குடிகாரன் மாதிரி நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே கீழே கொண்டுபோக வேண்டும். உயரக்கோளாறுக்குப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைச் சொல்லியே கேளுங்கள். கூட்டத்தில் நாம் மட்டும் தடையாகிவிடக் கூடாதே என்று தலைவலியை மறைக்கிற பழக்கம் நம்ம ஆட்களிடம் நிறைய. "ஒண்ணுமில்லீங்க, சும்மாதானுங்க" என்பவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

உடம்புச் சூடு இறங்குவதற்கு அடையாளம் வேறு. முதலில் நடுக்கம், பிறகு கை வேலை செய்யாது, ஆள் சிடுசிடுப்பார், நாக்கு குழறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தரையிலிருந்து விலக்கி மெத்தைமேல் வைத்து, படுக்கைப் பையில் சுற்றி, முழிப்பாக இருந்தால் இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள், உதவிக்கு 112-ஐக் கூப்பிடுங்கள். பிராந்தி கொடுக்கிற வைத்தியம் வேண்டாம், அது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி மிச்சம் இருக்கிற சூட்டையும் வெளியேற்றிவிடும். விரல் நுனி வெளுத்து மரத்தால் அக்குளுக்குள் வையுங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள், மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

ஊர் திரும்பினபின் தெர்மலைத் துவைக்கும்போது துணி மென்மையாக்குகிற கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள், அது நூல்மேல் படிந்து வியர்வையைக் கடத்துகிற குணத்தைக் கெடுத்துவிடும். சாதாரண சோப்பு, நிழலில் காயப்போடுதல், போதும். இறகு ஜாக்கெட்டைப் பைக்குள் அமுக்கி வைக்காமல் தொங்கவிடுங்கள். நான் மொட்டைமாடியில் காயப்போட்ட தெர்மல் அரை மணி நேரத்தில் காய்ந்துவிட, பக்கத்துக் கொடியில் கிடந்த என் காட்டன் டி-ஷர்ட் சாயங்காலம் வரைக்கும் ஈரமாகவே கிடந்தது.